கெளுத்தியின் மூளையிடம் இரண்டு கேள்விகள்

கெளுத்தி மீனின் மண்டையோட்டில் மேல் எலும்பைக் கவனமாகச் சீவி எடுத்தால், உள்ளே மூளை ஒரு சிறிய தெருவைப் போல நீண்டு கிடக்கும். மனிதனில் பெருமூளை வளர்ந்து மற்ற பாகங்களைப் போர்வை மாதிரி மூடிவிடுகிறது. மீனில் அப்படி இல்லை. மூக்கை ஒட்டி வாசனைக்கான இரண்டு குமிழ்கள், அங்கிருந்து பின்னோக்கி வரும் நீளமான காம்புகள், பிறகு முன்மூளை, பார்வைக்கான மடல்கள், சிறுமூளை, தண்டுவடத்தோடு சேருமிடத்தில் முகுளம் என்று எல்லாமே வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புலன் குடியிருப்பதாகக் கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொல்லலாம். எந்த வீடு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தாலே அந்த மீன் எதை நம்பிப் பிழைக்கிறது என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

கெளுத்தியில் கவனிக்க வேண்டிய வீடு தெருவின் கடைக்கோடியில், முகுளத்தில் இருக்கிறது. அங்கே புடைத்து நிற்கும் மடல்கள் சுவைக்கானவை. 1901-இல் சி. ஜட்சன் ஹெரிக் என்ற அமெரிக்க நரம்பியலாளர் அந்நாட்டுக் கெளுத்திகளின் நரம்புகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்துபோய், மீசையிலும் உடம்புத் தோலிலும் இருக்கும் சுவைமொட்டுகளுக்கு முகநரம்பின் கிளைகள் போகின்றன என்று காட்டினார். ஆமாம், தோலில் சுவைமொட்டு. 1971-இல் யெல்லே அட்டெமா ஒரு கெளுத்தியின் உடம்புக்கு வெளியே மட்டும் சுமார் 1,75,000 சுவைமொட்டுகள் இருக்கும் என்று மதிப்பிட்டார். நமக்கு நாக்கில் இருப்பது சில ஆயிரம். கலங்கிய தண்ணீரில், இருட்டில், சேற்றில் கிடக்கும் ஒரு பிராணி தன் உடம்பு முழுவதையும் நாக்காக ஆக்கிக்கொண்டிருக்கிறது.

அட்டெமா இன்னொன்றும் செய்தார். முகநரம்பு வந்து சேரும் மடலைச் சிதைத்தால் கெளுத்தியால் தரையில் கிடக்கும் இரையைத் தேடி எடுக்க முடியவில்லை; ஆனால் வாயில் வைத்தால் விழுங்கியது. வேகஸ் நரம்புக்கான மடலைச் சிதைத்தபோது தலைகீழ். இரையை எடுத்துவிடும், விழுங்கத் தெரியாது. தேடுவதற்கு ஒரு மடல், தின்பதற்கு ஒரு மடல். கடலில் வாழும் வரிக்கெளுத்தியில் இது இன்னும் துல்லியம். அதற்கு நான்கு ஜோடி மீசை. முகநரம்பு மடலுக்குள் ஐந்து அறைகள். ஒவ்வொரு வகை மீசைக்கும் ஓர் அறை, மிச்சமுள்ள உடம்புக்கு ஓர் அறை.

இதையெல்லாம் நான் ஒருநாள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பன் கேட்டான்: “சரிடா, கெளுத்தி மூளையைப் பார்த்து அப்படி என்னத்த கண்டுபிடிக்கப் போறாங்க?”

“யாரு யாருக்குச் சொந்தம்னு.”

“மூளையப் பார்த்தா சொந்தம் தெரியுமா?”

இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்ல நினைத்த பதில். சொல்ல ஆரம்பித்தால் மீனோடு முடியவில்லை.

1

உலகில் இதுவரை அறியப்பட்ட கெளுத்தி வகைகள் ஏறக்குறைய 4000. முதுகெலும்புள்ள உயிர்களில் சுமாராக இருபதில் ஒன்று கெளுத்தி. விரல்நுனி அளவுள்ளதும் உண்டு, ஆள் நீளத்துக்கு மேல் வளர்வதும் உண்டு. 350 வோல்ட் வரை மின்சாரம் பாய்ச்சும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும், மீன்தொட்டிக் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் கவசம் போர்த்திய தென்னமெரிக்க மீனும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இத்தனை பேரில் யார் யாருக்கு அண்ணன் தம்பி, யார் தூரத்துப் பங்காளி என்று குடும்ப மரம் வரைவது நூறாண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வேலை.

நீண்ட காலம் எலும்புதான் சாட்சி. பிறகு மரபணு வந்தது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சிலி, அர்ஜென்டினா ஆறுகளில் டிப்ளோமிஸ்டிடே என்ற சிறு குடும்பம் இருக்கிறது. கெளுத்தி வம்சத்தில் முதலில் தனியாகப் பிரிந்து போன கிளை அதுதான் என்று எலும்பு பார்த்தவர்கள் சொன்னார்கள். 2006-இல் சல்லிவன், லண்ட்பெர்க், ஹார்ட்மன் மூவரும் இரண்டு மரபணுக்களை ஒப்பிட்டபோது முதலில் பிரிந்தது டேங்க் கிளீனரின் கூட்டம் என்று வந்தது. சாட்சிகள் முரண்படும்போது இன்னொரு சாட்சி வேண்டும். பிரேசில் ஆய்வாளர்கள் சிலர் மூளையைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

வேலை எளிமையானது, பொறுமை வேண்டும். அருங்காட்சியகத்தில் ஆல்கஹாலில் கிடக்கும் மீனை எடுத்து, மண்டையைத் திறந்து, மூளையைப் படம் வரைவார்கள். மடல்களின் நீளம், அகலம், உயரம் அளந்து கன அளவைக் கணக்கிடுவார்கள். இந்த மடல் அந்த மடலை மூடுகிறதா, நுனி கூரா மொட்டையா, சிறுமூளை எவ்வளவு முன்னால் நீண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார்கள். 2018-இல் சூடோபைமலோடிடே என்ற தென்னமெரிக்கக் கெளுத்திக் குடும்பத்தின் மூளைகளை இப்படி ஒப்பிட்டு, அதிலிருந்து உறவு பற்றி என்ன சொல்லலாம் என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. மூளையின் வடிவத்தையும் எலும்பைப் போலவே பரம்பரைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இவர்களின் நம்பிக்கை.

இங்கேதான் நண்பனின் கேள்வி மறுபடி வருகிறது. ரெண்டு மீனுக்கு ஒரே மாதிரி மூளை இருந்தால், அவை ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்பதாலா? அல்லது ரெண்டும் ஒரே மாதிரி சேற்றில் ஒரே மாதிரி இரையைத் தேடுவதாலா?

2

கேரளத்தில் கோட்டயம் பகுதிக் கிணறுகளில் ஒரு கெளுத்தி இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. இளஞ்சிவப்பாக இருக்கும், கண் கிடையாது. செம்புரைப் பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீரில் வாழ்ந்து, எப்போதாவது வாளியில் மேலே வரும். 1950-இல் ஏ.ஜி.கே. மேனன் அதை விவரித்து, மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோராவைச் சிறப்பிக்கும் விதமாக ஹோராகிளானிஸ் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் டெக்சாசில், சான் அன்டோனியோ நகருக்கடியில் பல நூறு மீட்டர் ஆழத்து நிலத்தடி நீரிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் வழியாக வெளியே வந்த கெளுத்திகள் இரண்டு வகை. அவற்றுக்கும் கண் இல்லை, உடம்பில் நிறமும் இல்லை. அதில் ஒன்றுக்கு 1947-இல் வைத்த பேரினப் பெயர் ‘சாட்டன்’. சாத்தானேதான்.

கண் போனால் பார்வை மடலும் சிறுத்துப்போகும். கோட்டயத்து மீனையும் சான் அன்டோனியோ மீனையும் அந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துப் பக்கத்தில் வைத்தால் உறவுக்காரர்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இவை வேறு வேறு குடும்பங்கள், வேறு வேறு கண்டங்கள். இருட்டு இரண்டையும் ஒரே மாதிரி செதுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். டெக்சாஸ் மீன்கள் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அங்கே கேள்வி இன்னும் சிக்கல். கண் ஒருமுறை போய் அது பிள்ளைகளுக்கு இறங்கியதா, இல்லை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருட்டுக்குள் போய் இழந்ததா என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு வகை ஒற்றுமைக்கும் 1843-இல் ரிச்சர்ட் ஓவன் தனித்தனி வரையறை கொடுத்தார். ஹோமாலஜி, அனாலஜி. ஓவன் காலத்தில் அது உடலமைப்பின் திட்டம் பற்றிய பேச்சு. டார்வினுக்குப் பிறகு அதற்கு வம்சாவளி என்ற பொருள் வந்தது. என் வசதிக்காக முதலாவதைப் பிறப்பொற்றுமை என்றும் இரண்டாவதைப் பிழைப்பொற்றுமை என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

1950-இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் இன்னும் கறாரான ஒரு விதி சொன்னார். பிறப்பொற்றுமையிலும் எல்லாமே சாட்சி ஆகாது. ஒரு கூட்டத்துக்குள் புதிதாகத் தோன்றி, அந்தக் கூட்டத்தில் மட்டும் இறங்கி வந்த மாற்றம்தான் நெருங்கிய உறவைச் சொல்லும். எனக்கும் உங்களுக்கும் இரண்டு கண் இருப்பதால் நாம் பங்காளி ஆகிவிட மாட்டோம். எல்லாருக்கும்தான் இரண்டு கண். கெளுத்தி மூளையிலும் இதே கணக்கு. சுவை மடல் புடைத்திருக்கிறது என்பது போதாது. பக்கத்துக் குடும்பங்களில் அது எப்படி இருக்கிறது, யாரிடம் முதலில் மாறியது என்று பார்க்க வேண்டும். மூளை மட்டும் ஒரு கதை சொல்லி, எலும்பும் மரபணுவும் வேறு கதை சொன்னால், மூளை சொன்னது பிழைப்பொற்றுமை என்று முடிவாகலாம். அப்போது அது கணக்கில் வெறும் இரைச்சல்.

இதற்கு மிக அழகான உதாரணம் மின்புலன். 1917-இல் பார்க்கரும் வான் ஹியூசனும் கண்ணை மறைத்த ஒரு கெளுத்தியின் அருகே கண்ணாடிக் குச்சியையும் உலோகக் குச்சியையும் கொண்டுபோனார்கள். கண்ணாடி தொட்டால்தான் அது அசைந்தது. உலோகத்துக்குச் சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்போதே அசைந்தது. தண்ணீரில் நகரும் நுண்ணிய மின்சாரத்தைக் கெளுத்தி உணர்கிறது. அதற்கென்று முகுளத்தில் ஒரு மடல் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீன்களிலும் இதே வேலைக்கு ஒரு மடல் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இன்றைய பெரும்பாலான மீன்களின் மூதாதையரிடம் இந்தப் புலன் எப்போதோ அழிந்துபோய், இந்த இரண்டு கூட்டங்களிலும் தனித்தனியே புதிதாக முளைத்தது. ஒரே தேவைக்கு இரண்டு கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கட்டிய ஒரே மாதிரி வீடு.

வகைப்பாட்டாளர் இந்த வீட்டைப் பார்த்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். அது அவர் வேலை, அதில் தப்பில்லை. அவர் கேட்பது ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று. என் கேள்வி, அடித்துப்போட்ட அந்த வரியை என்ன செய்வது என்பது.

3

மூளையிடம் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். ‘நீ எப்படி வாழ்கிறாய், உனக்கு எது முக்கியம்?’ இந்தக் கேள்விக்குப் பிழைப்பொற்றுமை இரைச்சல் இல்லை, அதுதான் பதிலே. கோட்டயத்து மீனும் சாத்தான் மீனும் சொந்தக்காரர்கள் இல்லாமல் இருக்கலாம். இருட்டில் வாழ்வது என்றால் என்ன என்பதை இரண்டும்தான் அறியும். தன் சொந்தக் குடும்பத்தில் கண்ணுள்ள மீனைவிட, உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் குருட்டு மீன்தான் வாழ்க்கையில் அதற்கு நெருக்கம்.

இந்த இரண்டு கேள்விகளும் குழம்பும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மீனுக்கு வலிக்குமா என்ற பழைய சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் ஜேம்ஸ் ரோஸ், 2016-இல் பிரையன் கீ ஆகியோர் மீனுக்கு வலி இல்லை என்று வாதிட்டார்கள். சுருக்கமாக அந்த வாதம் இப்படி: மனிதன் வலியை உணரப் பெருமூளைப் புறணியும் அதன் கட்டமைப்பும் வேண்டும், மீனில் அது கிடையாது, ஆகவே மீன் துடிப்பது வெறும் எதிர்வினை.

இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போக முடியாது. அவர்கள் சொல்வது ‘மீன் நம் சொந்தக்காரன் இல்லை’ என்றல்ல. அந்த வேலையைச் செய்யும் கருவி அங்கே இல்லை என்றுதான். கதவு நிலையில் இடித்துத் திரும்பி வந்தால் கதவுக்கு வலித்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே அறை அங்கே இல்லையே என்று தேடுவது எந்தக் கேள்விக்கான முறை? அது முதல் கேள்விக்கான முறை. மின்புலன் நமக்குக் காட்டியது வேறு. ஒரே வேலையை, தனித்தனியே கட்டப்பட்ட வீடுகளும் செய்யும். நம்முடைய மாதிரி அறை இல்லை என்பது, அந்த வேலை நடக்கவில்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது.

இதே வழுக்கல் பறவைகள் விஷயத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1900 வாக்கில் லுட்விக் எடிங்கர் போன்றவர்கள் மூளையை ஏணியாகப் பார்த்தார்கள். மீன், பல்லி, பறவை என்று படிப்படியாக ஏறி, உச்சியில் நம் புறணி. பறவையின் முன்மூளைக்கு, தாழ்ந்த படிக்குரிய பெயர்களையே வைத்தார்கள். நூறு வருஷம் அந்தப் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இருந்தன. அதற்குள் காக்கை கருவி செய்வதையும், கிளி கணக்குப் பார்ப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். 2004-இல் நரம்பியலாளர்கள் ஒன்றுகூடிப் பறவை மூளையின் பாகங்களுக்குப் புதுப் பெயர்கள் அறிவித்தார்கள்.

மீனின் முன்மூளை இன்னும் விசித்திரமானது. கருவில் நம் முன்மூளை உள்மடிந்து வளர்கிறது. அதனுடையது வெளிப்புறமாக விரிந்து பிரிகிறது. அதனால் எந்தப் பாகம் எதற்கு ஈடு என்று பார்ப்பது, சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் பையைத் தேடுவது மாதிரி. ஸ்பெயினின் செவில் நகர ஆய்வாளர்கள் தங்கமீன்களில் அதைத் தேடினார்கள். ஓரத்தில் ஒரு பகுதியைச் சிதைத்தால் மீன் இடம் மறந்தது. நடுப்பக்கம் சிதைத்தால், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள முடியாமல் தவித்தது. 2003-இல் லின் ஸ்னெடனும் சகாக்களும் டிரவுட் மீனின் உதட்டில் அமிலத்தைச் செலுத்தினார்கள். அது சாப்பிடுவதை நிறுத்தியது, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டியது, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தது. மார்ஃபின் கொடுத்தால் இந்த நடத்தைகள் குறைந்தன. கதவு எதுவும் இதைச் செய்வதில்லை.

இவை எதுவும் கணித நிரூபணம் கிடையாது. இன்னொரு உயிரின் உள்ளே போய்ப் பார்க்க நமக்கு வழி இல்லை, மனிதர்களிடமே இல்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் யார் பக்கம் சாய்வது என்பதுதான் அறத்தின் வேலை. பிரிட்டன் 2022-இல் விலங்குகளின் உணர்திறன் பற்றிய சட்டத்தில் முதுகெலும்புள்ள உயிர்களோடு ஆக்டோபஸ், நண்டு போன்றவற்றையும் சேர்த்தது. ஆக்டோபஸின் மூளைக்கும் நம்முடையதற்கும் வம்சாவளித் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. பொது மூதாதை வாழ்ந்தது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். முழுக்க முழுக்கப் பிழைப்பொற்றுமையை நம்பி ஒரு நாடு சட்டம் போட்டிருக்கிறது.

நமக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. உறவு இருந்தால்தான் இரக்கம் என்று பழகிவிட்டோம். விலங்குகளுக்காகப் பேசுகிறவர்கள்கூட, ‘சிம்பன்சிக்கும் நமக்கும் மரபணு எவ்வளவு பொது தெரியுமா?’ என்று சொந்தம் கொண்டாடித்தான் ஆரம்பிக்கிறார்கள். மனிதர்களுக்குள்ளேயும் அப்படித்தானே? புதிதாக ஊருக்குள் வருகிறவரிடம் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வி முதலில் வருகிறது. ‘சாப்பிட்டியா?’ என்பது பல சமயம் அதற்கான பதிலைப் பொறுத்துத்தான் வருகிறது. அந்த முதல் கேள்விக்குப் பின்னால் எத்தனை கதவுகள் சாத்தப்பட்டிருக்கின்றன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கெளுத்திக்கு நாம் சொந்தமா என்ற கேள்விக்கு அறிவியலில் பெரிய மதிப்பு உண்டு. அதன் துன்பத்தை எண்ணிப் பார்க்க அது தகுதிச் சான்றிதழ் ஆகக்கூடாது.

4

மறுபக்கமும் ஒரு குழி இருக்கிறது. கெளுத்தி நம்மைப் போலவே உணர்கிறது என்று அவசரமாகச் சொல்லிவிடுவது. நம் துக்கத்தை அதன் மேல் போர்த்துவதும் ஒரு வகையில் அதைப் பார்க்காமல் இருப்பதுதான். 2014-இல் ஜான் கேப்ரியோவும் சகாக்களும் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஜப்பானியக் கடலில் வாழும் ஒரு கெளுத்தி, மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புழு மூச்சு விடும்போது தண்ணீரின் அமிலத்தன்மையில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை மீசையால் உணர்ந்து அதைப் பிடிக்கிறது. இன்னொரு உயிரின் மூச்சைச் சுவைப்பது எப்படி இருக்கும்? எனக்கு ஈடாக ஓர் அனுபவம் கிடையாது. அந்த முகுள மடலில் நடப்பதற்கு மனித மொழிகள் எதிலும் பெயர் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அந்தப் பெயரின்மையை ஒத்துக்கொண்டுதான் ‘உனக்கு எது முக்கியம்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பண்ணைகளில் வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொல்வதற்கு முன் நினைவிழக்கச் செய்வது எப்படி என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதன் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். அதே மண்டை, அதே மூளை. பிரேசிலில் கேட்ட கேள்வி வேறு, இங்கே கேட்ட கேள்வி வேறு.

கெளுத்திகளில் சிலவற்றுக்கு இது வெறும் தத்துவப் பிரச்சினையும் இல்லை. தேளி போன்ற மீன்களுக்கு செவுளோடு காற்றை நேராக மூச்சிழுக்கும் உறுப்பும் உண்டு. குளம் வற்றினாலும் சேற்றில் தாக்குப்பிடிக்கக் கிடைத்த வரம் அது. சந்தையில் அதுவே சாபம். மற்ற மீன்கள் வலையிலேயே செத்துவிடும்போது, இது அலுமினியக் குண்டானில் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும். ‘உசுரோட இருக்கு’ என்பதே அதன் விலை. வழவழப்புப் போக உயிரோடே சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். உடம்பெல்லாம் சுவை உணரும் ஒரு மீனின் தோல் அது.

கும்பகோணம் பக்கத்துச் சந்தை ஒன்றில் மீன் விற்கும் அக்காவிடம் ஒருமுறை கேட்டேன்.

“அக்கா, தேய்க்கறதுக்கு முன்னாடி தலையில ஒரு தட்டு தட்டிடுங்களேன்.”

“தேளி தம்பி இது, லேசுல உசுரு போவாது. ஓங்கித் தட்டுனா தல நசுங்கிப்புடும். கொழம்புக்குத் தல வேணாமா?”

“பரவால்லக்கா, தட்டுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அரிவாள்மணைக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். பிறகு சாம்பலை அள்ளினார். பக்கத்தில் நின்றிருந்த அம்மா, “எனக்கும் அப்படியே தட்டிக் குடுத்துரு, கையில கொட்டாம இருக்கும்ல” என்றார். அவர் காரணம் வேறு. அந்த மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்.